குசுமாவதி எப்படிச் செத்தாள்?

தம்பி, இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கப்போகிறவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே வழியில் பிரித்துப் படித்திருப்பாளோ என்று உன் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டாம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் உன்னோடு ஒரு விஷயத்தைப் பேசி முடிக்க என்னால் ஆகாது. நான் தொடங்குவேன், அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறப்பார்கள், நீ உடனே பாஷை மாறிவிடுவாய். "பஸ்ஸே கதா கரன்னம்" என்பாய். பிறகு பேசுகிறேன் என்று அர்த்தம். அந்தப் பிறகு இன்றுவரை வந்ததில்லை. போன கிழமையும் அப்படித்தான் ஆனது. "கல்யாணத்துக்கு வாங்கம்மா, ஆனா என்னை வளர்த்த ஆயம்மான்னு சொல்லிக்கிட்டு வாங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் பக்கத்துக் கதவு திறந்துவிட்டது. அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் வருவதா, வந்தால் யாராக வருவது என்பதுதான் விஷயம். ஆனால் அங்கே போய்ச் சேருமுன் நிறையச் சொல்வேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

முதலில் அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் எனக்கு இதைச் சொல்லத் தெரியாது. கொழும்பில் நீ வேலை செய்கிற ஸ்டூடியோவில் வெளிநாட்டு நாடகங்களுக்குச் சிங்களத்தில் குரல் கொடுக்கிறார்கள், நீ அதற்குத் தகுந்த சத்தங்களைச் சேர்க்கிறாய். நீ சத்தம் சேர்த்தது என்பதற்காகவே அந்தத் துப்பறியும் நாடகத்தை ஒரு ஞாயிறுகூட விடாமல் பார்க்கிறேன். ஒரே அதிகாரிக்கு இரண்டு உலகம். தன் வீடு இருக்கிற மாடிக் கட்டடத்தின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவனுக்கு உலகம் மாறிவிடுகிறது. ஒன்றில் லிஃப்ட் ஓடும். அங்கே அவனுக்குப் பெரிய உத்தியோகம், கண்ணாடிச் சுவர் வைத்த வீடு, ஊசி விழுந்தால் கேட்கிற அறை. மற்றதில் லிஃப்ட் பழுது. படியேறி மூச்சு வாங்க வருவான். வீட்டில் பழைய மேசை விசிறி ஒன்று கிரீச் கிரீச் என்று சுற்றிக்கொண்டிருக்கும். லிஃப்ட் ஓடுகிற உலகத்தில் அவனுடைய ஜீப் டிரைவர், வயசாளி மனுஷன், செத்துப் போயிருக்கிறார். லிஃப்ட் பழுதான உலகத்தில் அதே டிரைவர் உயிரோடு இருந்து பிளாஸ்கிலிருந்து இவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பார்வதிக்கு இது பிடிபடவே இல்லை. "என்னக்கா இது, முந்தாநேத்து பொதைச்ச மனுசன் இன்னைக்கு பிளாஸ்க்க தூக்கிக்கிட்டு வாரான்?" என்பாள். "மூச்சு வாங்குதா பாரு. மூச்சு வாங்குச்சுன்னா டிரைவர் உசுரோட இருப்பாரு" என்பேன். "செத்தவனுக்கு எப்பிடிக்கா மூச்சு வாங்கும்?" "அடி கூறுகெட்டவளே, அவருக்கு இல்லடி, அதிகாரிக்கு வாங்குதான்னு பாரு!" அதற்குள் நாடகம் பாதி போய்விடும். ஆனாலும் அவள் இல்லாமல் பார்க்க எனக்குப் பிடிக்காது. யாருக்காவது விளக்கிச் சொல்லும்போதுதான் எனக்கே நன்றாகப் புரிகிறது.

இந்தச் சூட்சுமத்தையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதான். தீபாவளிக்கு வந்திருந்தபோது, நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், நீ பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னாய். "இப்ப எந்த உலகம்னு நாடகத்துல யாரும் வாயால சொல்லவே கூடாதும்மா. சொன்னா சப்புன்னு போயிரும். ஒரு சத்தம், ஒரு மூச்சு, அவ்வளவுதான். பாக்கிறவங்களே கண்டுபிடிக்கணும்." குற்றம் ஓர் உலகத்தில் நடக்கும், துப்பு மற்ற உலகத்தில் கிடக்கும், அங்கே கண்டதை இங்கே கொண்டுவந்துதான் அவன் ஆளைப் பிடிப்பான் என்றாய். இன்னொன்றும் சொன்னாய். "ரெண்டு உலகத்து ஆளுங்களும் ஒரே எடத்துல நிக்கவே கூடாது. நின்னா கதை முடிஞ்சிரும்." நான் தலையாட்டிக்கொண்டே பிசைந்தேன். நீ பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னடா பாக்கிற என்றதற்கு ஒன்றுமில்லை என்றாய். தலை நரைத்துப் போனதைப் பார்த்து வருத்தப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தானே நம் வீட்டு விசிறியின் சத்தத்தையும் பிடித்தாய். வெளிநாட்டிலிருந்து வந்த நாடகத்தில் விசிறிச் சத்தம் சரியாக இல்லை, புதிதாக வைக்க வேண்டும் என்று போனை விசிறிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா, கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருங்க" என்றாய். பார்வதியின் கோழி கொக்கரித்துக் கெடுத்தது, மறுபடி பிடித்தாய். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் டிவிக்குள்ளே நம் விசிறி சுற்றுகிறது. அந்த டிரைவர் உயிரோடு இருக்கிற உலகத்துக்கு என் பிள்ளை நம் வீட்டுச் சத்தத்தை வைத்திருக்கிறான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்வதி நம்பமாட்டேன் என்றாள். நாடகம் ஓடும்போதே விசிறியைப் போட்டுக் காட்டினேன். இரண்டும் ஒன்றாகக் கிரீச்சிட்டன, எங்களுக்குப் பேச்சே கேட்கவில்லை.

நாடகம் தொடங்கு முன்னால் "இதுவரை" என்று பழைய துண்டுகளைக் காட்டுகிறார்களே, அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறதென்றாய். நடந்ததையெல்லாம் காட்டமாட்டார்கள், இன்றைக்கு எது தேவைப்படுமோ அதை மட்டும்தான் காட்டுவார்கள். எப்போதோ வந்த ஒரு குடையை "இதுவரை"யில் காட்டினால் இன்று அந்தக் குடைக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சரி, நானும் என் பங்குக்கு ஒன்றிரண்டு துண்டு காட்டுகிறேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருந்த காலம். ரப்பர் பால் வெட்டப் போகிற தாய்மார் விட்டுப் போகிற பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை, நீயும் அதில் ஒரு பிள்ளை. உள்ளே இருக்கும்வரை எல்லாப் பிள்ளைகளும் என்னை ஆயம்மா என்றுதான் கூப்பிட வேண்டும், நீயும்தான். நீ ஒருத்தன் அம்மா என்று மடியில் ஏறினால் போதும், மற்றதுகள் எல்லாம் தன் தன் தாயைத் தேடிக் கத்தத் தொடங்கும், பிறகு யாராலும் ஓய்க்க முடியாது. உனக்குச் சொல்லிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாய். வேலை முடிந்து கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்குவோம். உன் கால் மண்ணில் படவேண்டியதுதான், "அம்மா" என்பாய். நாள் முழுக்க வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததுபோல் வீடு வந்து சேரும்வரை அம்மா அம்மா என்று நச்சரிப்பாய். இதை நான் செய்த பாவம் என்று சொல்லி மாரடித்துக்கொண்டு அழுவேன் என்று எதிர்பார்க்காதே. வேலை அப்படி. ஆனால் படியிறங்கினால் அது முடிந்துவிடும், ஒவ்வொரு நாளும் முடிந்தது.

இன்னொரு துண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் இரத்தினபுரிக்குப் பஸ்ஸில் போகவேண்டியிருந்தால் உங்கப்பா உனக்குப் பாடம் எடுப்பார். பஸ்ஸுக்குள் ஏறினால் தமிழ் கூடாது. அம்மா என்று கூப்பிடுவதில் கஷ்டமில்லை, இரண்டு பாஷைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவைத்தான் சிங்களப் பிள்ளைகளைப்போல் தாத்தா என்று கூப்பிட வேண்டும். முதல் தடவை நீ பஸ் முழுக்கக் கேட்கும்படி "தாத்தே!" என்று கத்தினாய். அந்த மனுஷன் வேறு எந்தக் கிழவனையோ கூப்பிடுகிறான் பிள்ளை என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இடுப்பில் இடித்த பிறகுதான் திரும்பினார். இறங்கியதும், "ஏன்டா, மீசை நரைக்கிறதுக்குள்ளேயே என்னைய கெழவனாக்கிட்டியேடா" என்று உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதுவும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முடிந்தது. பிறகு நீ படித்து, கொழும்புக்கு வேலைக்குப் போய், அறை தேடினாய். ஒரு வீட்டில் பேரைக் கேட்டார்கள். ரவி என்றாய். ரவீந்திரவா என்று சிங்களப் பேராக்கிக் கேட்டார்கள். ஆமாம் என்றாய், சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இதை நீ என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய், நானும் சிரித்தேன். நம்ம ஆட்களுக்கு இது ஒன்றும் புதிசில்லை. எப்போதாவது அந்தப் பஸ்ஸை விட்டும் இறங்கிவிடுவாய் என்று நினைத்தேன்.

கடைசித் துண்டு. இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உங்கப்பா போன அன்று மத்தியானம், பால் வாளியை மலையிலேயே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வர நேரமாகும் என்றார்கள். "போனை எடுத்துத் தம்பிக்கு ஒரு கோல் போடு" என்றார். போட்டேன். நீ எடுத்தாய். உன் பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஹரி அம்மா, பஸ்ஸே கதா கரன்னம்", சரிம்மா பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்து, "என்னாங்கிறான்?" என்று கேட்டார். "வேலையா இருக்கானாம், இந்தா வாரேங்கிறான்" என்றேன். தலையை ஆட்டினார். லொறி வந்து தூக்கும்போது ஆள் இல்லை. நீ மறுநாள் வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அப்போது சொல்லியிருக்கலாம். அழுகிற பிள்ளையை யார் அடிப்பார்கள்? இப்போது குத்தும் என்று தெரிந்தே சொல்கிறேன். "இதுவரை"யில் காட்டினால் இன்றைக்குத் தேவைப்படும் என்று நீதானே சொன்னாய்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "வீட்டில் யாரும் இல்லையா?" என்று சிங்களத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். அந்த நாடகத்தில் அதிகாரிக்கு மேலதிகாரியாக ஒரு அம்மா இருக்கிறாளே, எப்போதும் மேசையில் தட்டித் தட்டிப் பேசுகிறவள், அவளுடைய குரல். நான் திரும்பி டிவியைப் பார்த்தேன். டிவி அணைந்திருந்தது. வாசலில் ஒல்லியாக ஒரு பெண், கையில் டிபன் கேரியர் வைத்த பை, முகமெல்லாம் வியர்வை. தன் ஊரான கேகாலையிலிருந்து அவிசாவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து குருவிட்டவுக்கு ஒரு பஸ், பிறகு ஓட்டோ. ஓட்டோ பிள்ளைக்காம்பராவுக்கு மேலே ஏறாது என்று உனக்குத் தெரியும். அந்த ஏற்றத்தில் நடந்து வந்திருக்கிறாள். பேச முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி நீ கட்டப்போகிற நிமேஷா என்று எனக்கு நீ சொல்லவே இல்லையே, கள்ளப் பயலே. உன் போனில் படம் மட்டும் காட்டினாய்.

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை, சட்டென்று முழங்காலில் விழுந்து என்னைக் கும்பிட்டாள். எழுந்திருக்கச் சொன்னால் அழுகிறாள். "அம்மா, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். கண்ணால பாத்துக்கிட்டு வாயைத் திறக்காம இருந்துட்டேன்" என்றாள். எல்லாம் சிங்களத்தில்தான், நான் நம்ம பேச்சில் எழுதுகிறேன். அவளுடைய அம்மா முதல்நாள் வீட்டில் பிக்குமாருக்குத் தானம் கொடுத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் புண்ணியம் சேரவேண்டும், பாவம் அந்தப் பிள்ளை அம்மாவும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் ஒற்றையாக வந்து நிற்கிறது, மேலே இருந்து அவர்கள் ஆசீர்வாதம் பண்ணட்டும் என்று விடியுமுன் எழுந்து தன் கையாலேயே சமைத்தாளாம்.

"அம்மாவும் இல்லாமலா?" என்று கேட்டேன். நிமேஷா என்னைப் பார்த்தாள். "அவரு உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள். "ஆயம்மான்னு சொல்லிக்கிட்டு வரச் சொன்னான். பெத்தவ எங்க போயிட்டான்னு சொல்லல" என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உன் பேரில் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்ததோ, அந்தப் பெண்ணின் பேரில் அவ்வளவு இரக்கம் வந்தது.

பிறகு எல்லாவற்றையும் கேட்டேன், துப்பறிகிறவன் கேட்கிற மாதிரி ஒன்று விடாமல் கேட்டேன். கடைசியில் குடத்திலிருந்து கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, அது நிரம்பி வழிகிறவரைக்கும் ஊற்றி, செத்தவர்கள் பேரைச் சொல்லிப் புண்ணியத்தை அவர்களுக்குக் கொடுத்தார்களாம். பெரிய பிக்கு பேரைக் கேட்டாராம். குடத்தைப் பிடித்திருந்தவன் நீ. "எம் பேரு என்னான்னு சொன்னான்?" என்றேன். "குசுமாவதி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. அடக்க முடியாமல் சிரித்தேன், அந்தப் பெண் பயந்துபோய்விட்டாள். அழகான பேர்தான். எங்கே பிடித்தாய்? அப்பாவுக்கு என்ன பேர் வைத்தாய் என்று அவளிடம் கேட்டேன், அதையும் சொன்னாள். அங்கேதான் சிரிப்பு நின்றது. நான் இருக்கிறவள், எனக்கு அந்தத் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அவர் உண்மையாகச் செத்த மனுஷன். அவருக்கு ஊற்றவேண்டிய தண்ணீரை எவனோ பிறக்காத ஒருத்தனுக்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறாயே!

நிமேஷா டிபன் கேரியரைத் திறந்து வைத்தாள். கத்தரிக்காய் மோஜு, முந்திரிக் கஜுக் கறி, பருப்பு, சோறு. அன்று காலையில் தாய் கொஞ்சம் சூடு பண்ணி வைத்ததை யாருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். "உங்க பேருல குடுத்தது. நீங்க இங்க இருக்கும்போது அதை வேற யாரும் சாப்பிட்டா எனக்கு மனசு ஒப்பாது" என்றாள். என் அடுப்பில் சோறு இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு இதைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். தன் காரியத்துச் சோற்றைத் தானே சாப்பிட்டவள் இந்தத் தோட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மோஜு நன்றாக இருந்தது. வெங்காயத்தைப் பொன்னிறத்துக்குப் பொரித்து, புளிப்பும் இனிப்பும் அளவாகப் போட்டிருந்தாள். தெரியாத ஒருத்திக்காக இவ்வளவு பக்குவமாகச் சமைக்கிறவள் நல்ல மனுஷியாகத்தான் இருக்க வேண்டும். அவளைத்தான் நீ ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய்.

பதிவுக் கந்தோரில் இரண்டு சினேகிதரைச் சாட்சிக்கு வைத்து நீங்கள் கல்யாணத்தைப் பதிந்து முடித்துவிட்டதையும் சொன்னாள். அதில் உன் சொந்தப் பேர் இருக்கிறது, உங்கப்பா பேரும் இருக்கத்தான் வேண்டும். அவள் வீட்டார் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. "எப்ப சொல்லப்போறான்?" என்று கேட்டேன். "பஸ்ஸே" என்றாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தெரிஞ்சா உங்க வீட்ல என்ன நடக்கும்மா?" என்றேன். யோசித்தாள். "அப்பா எங்களோட பேசமாட்டாரு. அம்மா அழுவாங்க. பொய் சொன்னதுக்கு அழுவாங்களா, நீங்க தமிழ்ங்கிறதுக்கு அழுவாங்களான்னு எனக்கே தெரியாது" என்றாள். உண்மை பேசுகிற பெண். உனக்கு எப்படிக் கிடைத்தாள் என்றுதான் தெரியவில்லை.

போகும்போது என் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கேட்டாள், கல்யாணத்துக்கு அளவு பார்த்துத் தைக்க. "எப்பிடித் தைக்கட்டும்? ஒசரிக்கா, நீங்க கட்டுற சேலைக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சிங்களப் பெண்களைப்போல் ஒசரி கட்டி வந்தால் என்னைச் சிங்கள ஆயம்மா என்றே நம்பிவிடுவார்கள் என்று நீ சொல்லியிருப்பாய். "ஒடம்பு ஒண்ணுதானே, அளவை எடுத்துக்கிட்டுப் போ, பெறகு சொல்றேன்" என்றேன். பார்த்தாயா, நானும் பிறகு என்றுதான் சொல்லியிருக்கிறேன். நாடகத்தின் கடைசிப் பகுதிக்கு நீ சத்தம் சேர்த்து முடித்துவிட்டாய் என்றும் சொன்னாள். முடிவைச் சொல்ல வாயெடுத்தாள், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். சனிக்கிழமை ஜாக்கெட்டோடு வருவாள், அப்போது இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புவேன்.

அவள் போன பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. அன்று மாலை பார்வதி வந்து உட்கார்ந்தாள், நாடகம் தொடங்கியது. அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். விசிறி சுற்றியது, நம்ம விசிறி. டிரைவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார், "ஏன் சார், கொஞ்ச நாளா என்னையச் செத்தவனைப் பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" கிரீச் கிரீச் என்று விசிறிதான் பேசியது. அத்தோடு அந்த வாரத்துக்கு நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தீபாவளியன்று பலகையில் உட்கார்ந்து நீ என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. நரையைப் பார்க்கிறாய் என்று நினைத்தேனே. அப்போதே அங்கே நான் செத்துப் போயிருக்கிறேன், அதைத்தான் பார்த்திருக்கிறாய். ஓவென்று அழுதுவிட்டேன். "அழாதக்கா, இந்த ஒலகத்துல அந்த மனுசன் நல்லாத்தானே இருக்காரு" என்று பார்வதி என் முதுகைத் தடவினாள். நல்லாத்தான் இருக்கிறார். லிஃப்ட் ஓடுகிற உலகத்தில்தான் இல்லை.

உன் பயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள், ரப்பர் மரங்களுக்குள் படுத்துக் கிடந்தோம். மறுநாள் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்டதும் ஒரு சிங்கள வீடுதான். இரண்டையும் கண்டவள் நான். பயந்தவன் பாஷையை மாற்றுவான், பேரை மாற்றுவான், அதற்கெல்லாம் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெத்த தாயைச் சாகடிக்கிற அளவுக்கு இப்போது உனக்கு என்னடா பயம்? யார் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? அவசரத்துக்கு ஒரு பொய் சொன்னாய், அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற இன்னொன்று. கடைசியில் அந்தப் பொய்க்குச் சோறு சமைத்துத் தானம் கொடுக்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. கல்யாணம் கட்டப்போகிறவனுக்குத் தாய் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். நான் ஒன்றுதான் சொல்கிறேன். நீ கட்டினவள் தலையில் உன் பொய்யைத் தூக்கி வைக்காதே. அவள் ஏற்கனவே அதை டிபன் கேரியரில் வைத்து இந்த மலையில் சுமந்து ஏறிவிட்டாள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். உன் கதையை நான் வந்து கெடுக்கமாட்டேன். சபையில் நின்று நான்தான் பெத்தவள் என்று கத்துகிற பொம்பளை நான் இல்லை. நீ சொன்னபடி ஆயம்மாவாகவே வருகிறேன், அந்த வேலையில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. உன் மாமியார் சும்மா இருக்கமாட்டாள். விடியுமுன் எழுந்து சமைத்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். "நீங்கதானே பிள்ளையை வளத்தீங்க, அவங்க அம்மா எப்பிடிச் செத்தாங்க, ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" என்று கட்டாயம் கேட்பாள். நான் ஒன்று சொல்லி, நீ ஏற்கனவே வேறொன்று சொல்லியிருந்தால்? துப்பறியும் நாடகத்தில் எல்லாப் பொய்க்காரனும் அப்படித்தானே மாட்டுகிறான்.

ஆகவே நீ எனக்கு எழுதி அனுப்பு. குசுமாவதி எப்படிச் செத்தாள்? என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி? அன்றைக்கு மழையா, வெயிலா? கடைசியாகத் தண்ணீர் கேட்டாளா, யார் கொடுத்தது? உனக்குக் கோல் போட்டாளா? போட்டிருந்தால் நீ எடுத்து என்ன சொன்னாய்? அவள் கண்ணை மூடும்போது நீ பக்கத்தில் இருந்தாயா? இதையெல்லாம் உன் கையால், தமிழில் எழுது. வேறு யாரையும் எழுதச் சொல்லாதே. எழுதியதை நிமேஷாவுக்குச் சிங்களத்தில் அர்த்தம் சொல்லி வாசித்துக் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தனுப்பு. வந்து சேர்ந்தால் மனப்பாடம் பண்ணிக்கொண்டு, ஒசரியும் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை உன் கல்யாணத்தில் ஆயம்மாவாக வந்து நிற்பேன். ஒரு வார்த்தை பிசகாது.

எழுத உட்கார்ந்து கை வரவில்லை என்றால் ஒன்றும் அனுப்ப வேண்டாம், போனும் போட வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில் நீயே வா. ஓட்டோவைப் பிள்ளைக்காம்பராவோடு நிறுத்திவிட்டு மிச்ச ஏற்றத்தை நடந்துதான் ஏற வேண்டும், வேறு வழியில்லை. நான் என் சேலையைக் கட்டி, பொட்டு வைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விசிறியைக்கூடப் போடமாட்டேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டால், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன்.